பத்துத் துறைமுகமா, ஒரு பாய்மரமா, ஒரே ஊரா? வெளிநாட்டு செமஸ்டரைத் தேர்ந்தெடுக்கும் முன்

அமெரிக்கக் கல்லூரி ஒன்றில், வெளிநாட்டில் ஒரு செமஸ்டர் படிக்க விரும்பும் மாணவர்களுக்கு வழிகாட்டுவது என் வேலை. தமிழ் பேசுகிறவள் என்று தெரிந்துவிட்டதால் வேறு கல்லூரிகளில் படிக்கும் நம் பிள்ளைகளின் பெற்றோரும் என்னை அழைக்கிறார்கள். இந்த ஆண்டு மூன்று வீடுகளிலிருந்து ஒரே கேள்வி வந்தது: "கப்பலிலேயே ஒரு செமஸ்டர் படிக்கலாமாமே, அனுப்பலாமா?"

நியூ ஜெர்சியில் பிறந்து வளர்ந்த பொருளியல் மாணவி ஒருத்தி நேரிலேயே வந்தாள். இரண்டாம் ஆண்டு. கையில் ஒரு தாள். அதில் பத்து நாடுகளின் பெயர், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு சிறு படம். "அக்கா, நான்கு மாதத்துக்குள் இவ்வளவையும் பார்த்துவிடலாம்" என்றாள். நான் அந்தத் தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் கட்டம் போட்டு, செமஸ்டரின் நாட்களை ஒவ்வொன்றாக எழுதச் சொன்னேன். எந்த நாளில் எங்கே கண் விழிப்பாய், அன்றைக்கு என்ன செய்வாய்? நாடுகளின் எண்ணிக்கையை விட்டுவிட்டு நாட்களை எண்ணத் தொடங்கியதும் முடிவெடுப்பது எளிதாகிவிடுகிறது. இந்தக் கட்டுரையும் அந்தக் கட்டத்தின் விரிவுதான்.

ஒப்பிடப்போவது மூன்று வழிகளை. முதலாவது, 'செமஸ்டர் அட் சீ' என்ற பெரிய பயணிகள் கப்பல். இரண்டாவது, மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வுட்ஸ் ஹோலில் இயங்கும் 'சீ எஜுகேஷன் அசோசியேஷன்' நடத்தும் பாய்மரக் கப்பல் செமஸ்டர். மூன்றாவது, எல்லோருக்கும் தெரிந்த பழைய வழி: ஏதாவது ஓர் ஊரில், ஒரு பல்கலைக்கழகத்தில், செமஸ்டர் முழுவதும் தங்கிப் படிப்பது.

## எதை வைத்து எடை போடுவது?

ஐந்து கேள்விகளை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். சுவரொட்டியையும் காணொளியையும் பார்ப்பது அதற்குப் பிறகு இருக்கட்டும்.

1. செமஸ்டரின் நாட்கள் எங்கே கழிகின்றன?
2. கட்டண அட்டையில் இல்லாத செலவு எவ்வளவு?
3. வாங்கும் கிரெடிட் (முடித்த பாடத்துக்குக் கிடைக்கும் அலகு) உங்கள் பட்டத்துக்குப் பயன்படுமா, அல்லது கணக்கில் மட்டும் ஏறுமா?
4. உடம்பும் மனமும் அந்த வாழ்க்கைக்கு ஒத்துவருமா?
5. உங்கள் பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது?

கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. நம் வீடுகளில் அதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

| | பெரிய கப்பல் | பாய்மரக் கப்பல் | ஒரே ஊர் |
|---|---|---|---|
| நாட்கள் | நூற்றுச் சொச்சம். ஏறத்தாழப் பாதி கடலில், மீதி பத்து நாடுகளில் | சில வாரம் கரையில் வகுப்பு, சில வாரம் கடலில் | நான்கு மாதமும் ஒரே இடம் |
| உடன் இருப்பவர் | சுமார் 500 முதல் 600 மாணவர்கள் | மாலுமிகளையும் சேர்த்து முப்பது, நாற்பது பேர் | உள்ளூர் மாணவர்கள், வீட்டார், அக்கம்பக்கத்தார் |
| உங்கள் பங்கு | மாணவர், பயணி | மாணவர், மாலுமி | மாணவர், குடியிருப்பவர் |
| மறைந்திருக்கும் செலவு | மிக அதிகம் | மிகக் குறைவு | உங்கள் கையில் இருக்கிறது |
| விசா | பல | ஒன்றிரண்டு | ஒன்று, ஆனால் கனமானது |
| பொருந்தும் பாடங்கள் | சமூக அறிவியல், வணிகம், கலை, பொதுப் பாடங்கள் | கடலியல், சூழலியல், கடல்சார் வரலாறு | ஏறக்குறைய எல்லாம் |

## பெரிய கப்பல்: செமஸ்டர் அட் சீ

இந்த யோசனைக்கு அறுபது வயது ஆகிவிட்டது. 1963-இல் 'ஏழு கடல்களின் பல்கலைக்கழகம்' என்ற பெயரில் முதல் பயணம் கிளம்பியது. பிறகு ஹாங்காங் கப்பல் அதிபர் சி.ஒய். துங் இதில் ஆர்வம் கொண்டு, புகழ்பெற்ற 'குயின் எலிசபெத்' கப்பலையே 1970-இல் வாங்கி மிதக்கும் பல்கலைக்கழகமாக மாற்றும் வேலையைத் தொடங்கினார். வேலை முடியும் தறுவாயில், 1972 ஜனவரியில், அது ஹாங்காங் துறைமுகத்திலேயே எரிந்து சாய்ந்தது. அவர் மனம் தளரவில்லை. வேறொரு கப்பலைக் கொடுத்தார். பின்னாளில் ஹாங்காங்கின் முதல் தலைமை நிர்வாகியான துங் சீ ஹ்வா இவருடைய மகன்.

இப்போது ஓடுவது 'எம்வி வேர்ல்ட் ஒடிசி'. 1998-இல் 'டாய்ச்லாண்ட்' என்ற பெயரில் கட்டப்பட்ட ஜெர்மன் உல்லாசக் கப்பல். கோடைக்காலத்தில் அந்தப் பழைய பெயரிலேயே ஜெர்மன் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் சென்றதும் உண்டு. 2016-இல் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகம் இதன் கல்விப் பொறுப்பை ஏற்றது. மதிப்பெண் பட்டியல் ஒரு முறையான அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் பெயரில் வருவது பெரிய வசதி. 12 முதல் 15 கிரெடிட் வரை எடுக்கலாம்.

இனி நாட்களை எண்ணுவோம். பயணம் நூறு நாட்களைச் சற்றே தாண்டும். நாடுகள் பத்து அல்லது பதினொன்று. ஒவ்வொன்றிலும் நான்கிலிருந்து ஆறு நாள். முதல் நாள் காலையில் கப்பல் கரை சேரும். ஆனால் குடிநுழைவு அதிகாரிகள் ஏறி, எல்லோருடைய ஆவணங்களையும் பார்த்து முடிக்கும் வரை யாரும் இறங்க முடியாது. கடைசி நாள் மாலைக்குள் திரும்பிவிட வேண்டும். தாமதமாக வந்தால், அடுத்த துறைமுகத்தில் மற்றவர்கள் இறங்கிப் போகும்போது நீங்கள் மணிக்கணக்கில் கப்பலிலேயே இருக்க வேண்டியதுதான். ஒவ்வொரு பாடத்துக்கும் ஏதாவது ஒரு துறைமுகத்தில், ஊருக்குள் போய்ப் படிக்கும் கட்டாயக் கள வகுப்பு உண்டு; அது ஒரு முழு நாளை எடுத்துக்கொள்ளும். ஐந்து நாள் நிற்கும் ஊரில் உங்களுக்கென்று மிஞ்சுவது மூன்று நாள்தான்.

கடலில் இருக்கும் நாள் பெரும்பாலும் வகுப்பு நாள். சனி, ஞாயிறு கிடையாது. கப்பலில் உள்ள அத்தனை பேரும் சேர்ந்து படிக்கும் உலகவியல் பாடம் ஒன்று, மற்றவை அவரவர் விருப்பம். இந்த அமைப்பின் உண்மையான பலம் இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து. கானாவில் சந்தையைப் பார்த்துவிட்டு ஏறிய மாணவி, மறுநாள் காலை அதே கேள்வியோடு பேராசிரியர் எதிரில் உட்காருகிறாள். அவரும் அதே சந்தைக்குப் போய் வந்தவர். இரவுச் சாப்பாட்டிலும் அதே பேச்சு தொடர்கிறது. தரையில் எந்தக் கல்லூரியிலும் ஆசிரியரும் மாணவரும் இப்படி ஒரே கூரைக்கு அடியில் நூறு நாள் இருப்பதில்லை. நில நடுக்கோட்டைத் தாண்டும் நாளில் தலையை மொட்டை அடித்துக்கொள்ளும் வழக்கமும் உண்டு. அந்தப் படத்தைப் பார்த்து திடுக்கிட்டு என்னை அழைத்த பாட்டி ஒருவருக்கு, அது யாரையும் கட்டாயப்படுத்திச் செய்வதில்லை என்று விளக்கியிருக்கிறேன்.

இந்தப் பயணத்துக்கும் நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. இதற்கு முன்பு ஓடிய 'எம்வி எக்ஸ்புளோரர்' 2000-களில் சென்னைத் துறைமுகத்துக்குப் பலமுறை வந்து நின்றது. பிறகு இந்தியத் துறைமுகம் கொச்சி ஆனது. அப்போது சென்னையில் இறங்கிய மாணவர்கள் பலர் அன்றிரவே ஆக்ரா போவதற்காக விமானம் ஏறினார்கள். தாஜ்மகாலைப் பார்க்க வேண்டும் என்ற ஆசையைக் குறை சொல்ல முடியாது. ஆனால் ஐந்து நாளில் இரண்டு நாள் பயணத்திலேயே போய்விட, மயிலாப்பூரையோ மாமல்லபுரத்தையோ பார்க்காமல் 'இந்தியாவைப் பார்த்தேன்' என்று எழுதினார்கள். துறைமுகத்தில் கிடைக்கும் நாட்களை எப்படிச் செலவிடுவது என்று முன்கூட்டியே தீர்மானிக்காதவர்களுக்கு எல்லா ஊரிலும் இதுதான் நடக்கும்.

### கட்டண அட்டையில் இல்லாதவை

அடிப்படைக் கட்டணத்தில் படிப்பும் கேபினும் சாப்பாடும் அடங்கும். அண்மைய ஆண்டுகளில் அது 30,000 டாலரை ஒட்டியோ தாண்டியோ வருகிறது; மலிவான கேபினில் ஜன்னல் இருக்காது. இதற்கு மேல் வருபவற்றை வரிசையாகச் சொல்கிறேன்.

கப்பல் கிளம்பும் ஊருக்கும், முடியும் ஊரிலிருந்து வீட்டுக்கும் விமான டிக்கெட் உங்கள் பொறுப்பு. இரண்டும் வேறு வேறு கண்டத்தில் இருப்பதால் ஒருவழி டிக்கெட்டுகளாக வாங்க வேண்டும். அடுத்தது விசாக்கள். பிறகு தடுப்பூசிகள்: கானா போன்ற நாட்டுக்கு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் இல்லாமல் போக முடியாது, அந்த ஊசி விலை அதிகம். கப்பலில் துணி துவைப்பு, இணையம், சிற்றுண்டி எல்லாவற்றுக்கும் தனிக் காசு. எல்லாவற்றையும்விடப் பெரியது துறைமுகச் செலவு. பக்கத்து கேபின் தோழிகள் எல்லோரும் யானைக் காட்டுக்கோ பாலைவன முகாமுக்கோ கிளம்பும்போது, கையில் காசில்லாத பிள்ளை மட்டும் டெக்கில் நின்று கையசைத்துக்கொண்டிருப்பது மனத்துக்குக் கஷ்டமானது. அதற்கென்று சில ஆயிரம் டாலரைத் தனியே எடுத்து வைக்க முடியாவிட்டால், இந்த ஆண்டு வேண்டாம் என்றே நான் சொல்வேன்.

சொந்தக் கல்லூரி தரும் உதவித்தொகை கப்பலுக்கும் செல்லுமா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அரசின் கல்விக்கடனும் மானியமும் இரு கல்லூரிகளுக்கிடையே ஒப்பந்தம் இருந்தால் கூடவே வரும். கல்லூரி தன் பணத்திலிருந்து தரும் மானியம் பல இடங்களில் வருவதில்லை. ஆண்டுக்கு 40,000 டாலர் மானியம் பெறும் பிள்ளைக்கு, ஒரு செமஸ்டர் வெளியே போனால் 20,000 டாலர் கைவிட்டுப் போகிறது. கப்பல் கட்டணத்தைவிட இதுதான் குடும்பத்தை அதிகம் உலுக்குகிறது.

### பாதுகாப்பு பற்றிக் கேட்கும் பெற்றோருக்கு

மூடி மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 2005 ஜனவரியில், வட பசிபிக்கில், சுமார் 15 மீட்டர் உயர அலை ஒன்று எம்வி எக்ஸ்புளோரரின் மேல்தளக் கண்ணாடியை உடைத்து எஞ்சின்களை நிறுத்தியது. கப்பல் சமாளித்து ஹவாய் போய்ச் சேர்ந்தது. மாணவர் யாரும் உயிரிழக்கவில்லை. 1996-இல் நான்கு மாணவர்கள் இறந்தார்கள். அது கடலில் நடந்ததல்ல. வட இந்தியாவில், இரவில், ஒரு பஸ் விபத்தில். கடலைப் பார்த்துப் பயப்படும் பெற்றோரிடம் நான் சாலையைப் பற்றித்தான் பேசுவேன். இரவில் நெடுஞ்சாலைப் பயணம் வேண்டாம் என்று பிள்ளையிடம் வாக்கு வாங்கிக்கொள்ளுங்கள்.

பயணப் பாதையும் மாறும். 2014-இல் எபோலா பரவியபோது மேற்கு ஆப்பிரிக்கத் துறைமுகங்கள் நீக்கப்பட்டன. 2020 மார்ச்சில் கொரோனாவால் பயணமே பாதியில் முடிந்தது. ஒரே ஒரு நாட்டைப் பார்ப்பதற்காக மட்டும் கப்பல் ஏறுகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு மாணவர் கானாவில் ஆய்வுக் கட்டுரைக்குத் தகவல் திரட்டலாம் என்ற ஒரே எண்ணத்தில் சேர்ந்தார். அந்தத் துறைமுகம் போயிற்று, ஆய்வும் போயிற்று.

## பாய்மரக் கப்பல்: வுட்ஸ் ஹோல் வழி

என் மனம் அதிகம் சாயும் வழி இது. அதனால் இதன் குறைகளை முதலில் சொல்வதுதான் நியாயம். நாடு பார்க்கும் ஆசைக்கு இங்கே தீனி மிகக் குறைவு. ஒரு பயணத்தில் ஒன்றிரண்டு தீவுகளில் நிற்கலாம். மற்றபடி நாலாபுறமும் தண்ணீர். தனிமை என்பது திரைச்சீலை போட்ட ஒரு படுக்கைப் பலகை. குடிநீரை அளந்து செலவழிப்பதால் குளியலுக்கும் முறை உண்டு. வீட்டோடு தினமும் வீடியோவில் பேசிப் பழகிய பிள்ளைக்கும் பெற்றோருக்கும் அந்தச் சில வாரங்கள் கடுமையாக இருக்கும். ஆடும் படகில் முதல் மூன்று நாள் வாந்தி எடுக்காதவர் அரிது.

இனி நிறைகள். சீ எஜுகேஷன் அசோசியேஷன் 1971-இல் தொடங்கியது. அதற்கு இரண்டு கப்பல்கள்: அட்லாண்டிக்கில் 'கார்வித் கிரேமர்', பசிபிக்கில் 'ராபர்ட் சி. சீமன்ஸ்'. ஒவ்வொன்றும் 134 அடி நீளம். மாணவர்கள் முதலில் வுட்ஸ் ஹோலில் கடலியல், கடல்வழி அறிதல், வரலாறு படிக்கிறார்கள். தங்கள் ஆய்வுக் கேள்வியையும் அங்கேயே வகுத்துக்கொள்கிறார்கள். பிறகு கப்பல் ஏறி, அந்தக் கேள்விக்கு விடை தேடுகிறார்கள்.

கப்பலில் எல்லோரும் மூன்று அணி. இரவு பகலாக முறை மாறி மாறிக் காவல். ஒருவர் சுக்கான் பிடிப்பார், ஒருவர் முன்பக்கம் நின்று கடலைக் கவனிப்பார், ஒருவர் எஞ்சின் அறையைச் சுற்றிப் பார்த்துக் கணக்கெழுதுவார், ஒருவர் ஆய்வுக்கூடத்தில் வலை இழுப்பார். சமையலறை முறையும் வரும். எங்கள் மாணவன் ஒருவன் தன் முறையன்று முப்பது பேருக்கு எலுமிச்சை சாதம் கிளறிப் போட்டதைப் பெருமையாகச் சொன்னான். பயணத்தின் கடைசிக் கட்டத்தில் மாணவர்களே காவல் அதிகாரியின் பொறுப்பை ஏற்கிறார்கள். நள்ளிரவில் காற்று திசை மாறும்போது எந்தப் பாயை இறக்குவது என்று இருபது வயதுப் பிள்ளை சொல்ல வேண்டும். மற்றவர்கள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார்கள். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை நேர்முகத் தேர்வில் உட்காரும் தோரணையே வேறு. இதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.

அவர்கள் இழுக்கும் வலை விளையாட்டுக்கு இழுப்பதல்ல. கடல் மட்டத்தில் மெல்லிய வலையை இழுத்து, சிக்கிய பிளாஸ்டிக் துணுக்குகளை இடுக்கியால் பொறுக்கி எண்ணும் வேலையை இந்தக் கப்பல்களின் மாணவர்கள் பல்லாண்டுகளாகச் செய்துவருகிறார்கள். 1986 முதல் 2008 வரையிலான 22 ஆண்டு எண்ணிக்கையை வைத்து காரா லேவண்டர் லாவும் உடன் ஆய்வாளர்களும் எழுதிய கட்டுரை 2010-இல் 'சயின்ஸ்' இதழில் வந்தது. 6,000-க்கும் மேற்பட்ட வலை இழுப்புகள், 64,000-க்கும் மேற்பட்ட துணுக்குகள். வட அட்லாண்டிக்கில் பிளாஸ்டிக் எங்கே தேங்குகிறது என்பதை உலகுக்குக் காட்டிய அந்தத் தரவில், செமஸ்டர் படிக்கப் போன ஆயிரக்கணக்கான இளநிலை மாணவர்களின் கையுழைப்பு இருக்கிறது.

செலவைப் பொறுத்தவரை இது மலிவு வழி அல்ல. தனியார் கல்லூரி ஒன்றில் ஒரு செமஸ்டருக்கு ஆகும் செலவோடு ஒப்பிடத்தக்கது, உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் கப்பல் ஏறிய பிறகு காசு செலவழிக்க வழியே இல்லை. கடை இல்லை, உணவகம் இல்லை, வார இறுதிச் சுற்றுலா இல்லை. மழைக்கோட்டும் நல்ல காலணியும் மருத்துவப் பரிசோதனையும் விமான டிக்கெட்டும் சேர்த்துக்கொண்டால் கணக்கு முடிந்தது. மூன்று வழிகளிலும் சொன்ன தொகைக்குள் அடங்குவது இது ஒன்றுதான்.

உயிரியல், சூழலியல், புவியியல் படிப்பவர்களுக்குத் துறைப் பாடமாகவே கணக்கில் சேர வாய்ப்பு அதிகம். பொருளியல், கணினி மாணவர்களுக்கு விருப்பப் பாடமாக மட்டுமே சேரும்.

## ஒரே ஊர்: நான்கு மாதமும் ஒரே முகவரி

இதைப் பற்றிப் பேசத் தொடங்கினால் மாணவர்கள் முகத்தில் உற்சாகம் குறைவதைப் பார்க்கிறேன். கப்பலோடு ஒப்பிட்டால் படத்தில் பளபளப்பு இல்லைதான். ஆனால் ஆறாவது வாரத்தில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். முதல் வாரத்தில் எல்லாமே அழகு. மூன்றாவது வாரத்தில் எல்லாமே எரிச்சல்: வங்கிக் கணக்கு திறக்க நான்கு முறை அலைச்சல், வகுப்பில் பாதி புரியவில்லை, பேச ஆளில்லை. ஆறாவது வாரத்தில் தெருமுனைக் கடைக்காரர் பெயர் சொல்லி அழைக்கிறார். பத்தாவது வாரத்தில் வகுப்புத் தோழியின் வீட்டில் ஒரு சாவுக்கோ கல்யாணத்துக்கோ போய் நிற்கிறார்கள். கப்பல் எந்தத் துறைமுகத்திலும் இரண்டாவது வாரம் வரை நிற்பதில்லை.

மொழி கற்க வேண்டும் என்றால் வேறு வழியே இல்லை. நம் பிள்ளைகளுக்கே ஒரு எடுத்துக்காட்டு: அமெரிக்க இந்தியவியல் கழகம் மதுரையில் நடத்தும் தமிழ் மையத்தில் கோடை, செமஸ்டர், முழு ஆண்டு எனப் பயிற்சிகள் உண்டு. தாத்தாவோடு பேச முடியாமல் வளர்ந்த பிள்ளைகளும், தமிழுக்கு எந்த உறவும் இல்லாத அமெரிக்கர்களும் அங்கே ஒன்றாக உட்கார்ந்து படிக்கிறார்கள். சென்னையிலோ கொச்சியிலோ ஐந்து நாள் இறங்கி ஏறுவதும் இதுவும் ஒன்றல்ல.

செலவு மூன்று வகை. கல்லூரிகளுக்கு இடையிலான பரிமாற்றம் என்றால் சொந்தக் கல்லூரிக் கட்டணத்தையே கட்டிவிட்டு, தங்கலும் சாப்பாடும் அந்த ஊர் விலையில். உதவித்தொகையும் பெரும்பாலும் கூடவே வரும். இடையில் ஒரு நிறுவனம் நடத்தும் திட்டம் என்றால் விலை ஏறும். நேரடியாக வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தால் சில நாடுகளில் மிகவும் குறையும். வருமானம் குறைந்த வீட்டு மாணவர்களுக்கு அமெரிக்க அரசு தரும் பெல் மானியத்தைப் பெறும் குடிமக்கள் கில்மன் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். 5,000 டாலர் வரை கிடைக்கும்.

இங்கேயும் ஒரு மறைவான ஓட்டை இருக்கிறது. ஐரோப்பாவுக்குப் போகும் மாணவர்கள் வெள்ளிக்கிழமை மாலை ஆனதும் மலிவு விமானம் பிடித்து வேறு ஊருக்குப் பறக்கிறார்கள். செமஸ்டர் முடியும்போது பன்னிரண்டு நகரம் பார்த்திருப்பார்கள். தங்கியிருந்த ஊரில் ஒரு நண்பர்கூட இருக்க மாட்டார். கப்பல் மாணவர் செய்ததையே, ஆசிரியர் துணையில்லாமல், தனிக் காசு கொடுத்துச் செய்ததுதான் மிச்சம்.

பல நாடுகளை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும், ஆனால் ஐந்து நாள் போதாது என்பவர்களுக்கு நடுவழி ஒன்று உண்டு. 'இன்டர்நேஷனல் ஆனர்ஸ் புரோகிராம்' என்ற பெயரில் எஸ்ஐடி கல்வி நிறுவனம் நடத்துவது. ஒரு செமஸ்டரில் மூன்று நான்கு நாடு, ஒவ்வொன்றிலும் பல வாரம், பெரும்பாலும் ஒரு குடும்பத்தின் வீட்டில் தங்கல், நகரமயம், உடல்நலம் போன்ற ஒரே கேள்வியை எல்லா நாட்டிலும் கேட்டுப் பார்ப்பது. கப்பலை விரும்பி வரும் மாணவர்களில் பாதிப் பேருக்குத் தேவைப்படுவது உண்மையில் இதுதான்.

## பாஸ்போர்ட் என்ன சொல்கிறது?

அமெரிக்க பாஸ்போர்ட் உள்ள பிள்ளைக்குக் கப்பல் பாதையில் இரண்டு மூன்று விசா போதும். இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை இருந்தால் இந்தியாவுக்கு அதுவும் வேண்டாம்.

இந்திய பாஸ்போர்ட்டோடு எஃப்-1 என்னும் மாணவர் விசாவில் படிக்கும் மாணவருக்கு நிலைமை வேறு. ஷெங்கன் (ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான விசா), தென்னாப்பிரிக்கா, ஜப்பான், கானா என்று ஒவ்வொன்றுக்கும் தனி விண்ணப்பம், தனிக் கட்டணம், தனிச் சந்திப்பு நாள். ஒரு தூதரகத்தில் பாஸ்போர்ட் இருக்கும்போது அடுத்த தூதரகத்துக்குக் கொடுக்க முடியாது. கப்பல் ஐரோப்பாவுக்குள் இருமுறை வந்தால் பலமுறை நுழையும் விசா வேண்டும். இத்தனையும் முடித்துத் திரும்பும்போது அமெரிக்க விசா முத்திரை காலாவதி ஆகியிருக்கக் கூடாது. கல்லூரி தரும் ஐ-20 படிவத்தில் பயணத்துக்கான கையெழுத்து இருக்க வேண்டும். வெளியே இருக்கும் காலத்தில் சொந்தக் கல்லூரியில் பதிவு தொடர வேண்டும். இலங்கை பாஸ்போர்ட் உள்ளவர்களுக்கும் ஏறக்குறைய இதே அலைச்சல்தான். முடியாது என்று சொல்லவில்லை. ஓராண்டு முன்பே தொடங்கினால் முடியும். திருநெல்வேலியிலிருந்து வந்து இயந்திரப் பொறியியல் படிக்கும் மாணவர் ஒருவருக்கு நானே உட்கார்ந்து பட்டியல் போட்டுக் கொடுத்தேன். பட்டியலைப் பார்த்துவிட்டு அவர் ஜெர்மனியில் ஒரு செமஸ்டர் என்று மாற்றிக்கொண்டார். ஒரே விசா, துறைப் பாடமும் கிடைத்தது.

## பட்டம் தள்ளிப்போகும் ஆபத்து

மூன்று வழிக்கும் பொதுவான, மிகக் கொடிய மறைவுச் செலவு இது. பொறியியல், மருத்துவப் படிப்புக்கான முன்பாடங்கள், வேதியியல் ஆகியவற்றில் ஒரு பாடத்தை முடித்தால்தான் அடுத்தது. சில பாடங்கள் ஆண்டுக்கு ஒருமுறைதான் நடக்கும். பெரிய கப்பலில் கரிம வேதியியல் ஆய்வுக்கூடம் கிடையாது. ஒரு பாடம் தவறினால் பட்டம் ஓராண்டு தள்ளிப்போகலாம். அந்த ஓராண்டுக் கட்டணத்தோடு ஒப்பிட்டால் கப்பல் கட்டணம் சிறியது. எனக்குத் தெரிந்த ஒரு மாணவி 15 கிரெடிட்டோடு மகிழ்ச்சியாகத் திரும்பினாள். அவள் துறை அதில் மூன்றை மட்டும் ஏற்றுக்கொண்டது. "சரி" என்று முன்பு வாயால் சொன்னவர் அந்தத் துறையிலிருந்தே போய்விட்டிருந்தார்.

அதனால், வாய்ச்சொல் வேண்டாம். பாடப் பெயர், பாட எண், எந்தத் தேவைக்குச் சேரும் என்பதெல்லாம் எழுதிய தாளில் துறையின் கையெழுத்து வேண்டும்.

## யாருக்கு எது?

பெரிய கப்பல் யாருக்கு என்றால், துறைப் பாடங்களில் இடைவெளி உள்ள, அமெரிக்க பாஸ்போர்ட் கொண்ட, எந்த நாட்டின் மீதும் இன்னும் மனம் நிலைகொள்ளாத மாணவருக்கு. துறைமுகச் செலவுக்குத் தனிப் பணம் இருக்க வேண்டும். கூட்டத்தில் இருப்பது பிடிக்க வேண்டும். குறிப்பாக, ஆப்பிரிக்காவையோ தென்கிழக்கு ஆசியாவையோ தனியாக ஒருபோதும் போய்ப் பார்க்கத் துணியாத பிள்ளைக்கு இது ஒரு கதவைத் திறக்கும்.

பாய்மரம், கடலையே பாடமாக எடுத்துக்கொண்டவருக்கு. அல்லது எப்போதும் திரையைப் பார்த்தபடி, தன்னால் எதுவும் ஆகாது என்று நினைத்துக்கொண்டிருக்கும் கூச்ச சுபாவக்காரருக்கு. கடுமையான ஆஸ்துமா போன்ற உடல்நலச் சிக்கல் இருந்தால், கரையிலிருந்து பல நாள் தூரத்தில் இருப்பதன் பொருளை மருத்துவரிடம் முதலில் பேசிவிடுங்கள்.

ஒரே ஊர், மொழி வேண்டுபவருக்கு, எஃப்-1 மாணவருக்கு, பொறியியல் மாணவருக்கு, பணத்தை எண்ணிச் செலவழிக்க வேண்டிய வீட்டுக்கு. இரண்டு வழிகளுக்கு நடுவே மனம் ஊசலாடினால், நான் இந்தப் பக்கமே தள்ளுவேன்.

அந்த நியூ ஜெர்சி மாணவி அடுத்த வாரம் மீண்டும் வந்தாள். கட்டத்தை நிறைத்திருந்தாள்: கடல் நாட்களுக்கு நீலம், துறைமுக நாட்களுக்கு மஞ்சள். நீலம் இவ்வளவு இருக்கும் என்று நினைக்கவில்லை என்றாள். "அப்படியானால் வேண்டாமா?" என்று கேட்டேன். அந்த நீல நாட்கள்தான் இப்போது தனக்குப் பிடித்திருக்கிறது என்றாள். அவற்றில் என்ன பாடம் எடுக்கலாம் என்று பட்டியலும் போட்டிருந்தாள். துறையில் கேட்டதில், பொருளாதார அளவியல் பாடம் வசந்தப் பருவத்தில் மட்டும் நடக்கிறதாம். அதனால் செப்டம்பரில் கிளம்பும் இலையுதிர்ப் பயணம். கையெழுத்திட்ட தாள் இப்போது என் மேசையில் இருக்கிறது. துறைமுகச் செலவுக்காக அவள் கோடை முழுவதும் வேலைக்குப் போகப்போகிறாள். மஞ்சள் காய்ச்சல் ஊசிக்கு அம்மா நாள் குறித்துவிட்டார்.